வளவுச் சுவரும் முட்டைப் பூச்சும்: இரண்டு முறை பூசிய ஒரு வீடு

செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, அதாவது முட்டைப் பூச்சு, பூசிய சுவரில் கண்ணாடி போல முகம் தெரிய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலை முடிந்ததும் முகம் தெரிகிறது. அடுத்த ஐப்பசி மழைக்குச் சுவர் கொப்பளிக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று ஊர் மாறினாலும் காரணம் மாறுவதில்லை. அதனால் இப்படி நடந்த வேலைகளை ஒரே வீடாகச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறது. வீட்டின் பெயரும் வேலை எடுத்தவர் பெயரும் தேவையில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வீடு. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு), இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். சுவர் 18 அங்குலச் செங்கல், சுண்ணாம்புக் காரைக் கட்டு. பங்காளிகள் நால்வரும் வெளியூர்; கல்யாணம், அறுபதாம் கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால்தான் வீடு திறக்கும். வைகாசியில் ஒரு கல்யாணம் வந்தது. மாசியில் ஆள் விட்டார்கள். முகப்பையும் வளவின் நான்கு சுவர்களையும் "பழையபடி கண்ணாடி மாதிரி" ஆக்கித் தர வேண்டும் என்பது பேச்சு.

பழைய பூச்சு எந்த நிலையில் இருந்தது என்பதை யாரும் குறித்துவைக்கவில்லை. பழுப்பேறியிருந்தது, மயிரிழை விரிசல்கள் ஓடின, அடியில் மூன்றடி உயரத்துக்கு ஓதம், அதாவது தரை ஈரம், ஏறி உப்புப் பூத்திருந்தது. மூன்றும் வெவ்வேறு நோய். பழுப்பு என்பது வயது. விரிசல் பெரும்பாலும் மேல்தோலோடு நிற்பது. ஓதம் மட்டும்தான் சுவரைத் தின்பது. முதல் வேலையில் மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தார்கள்: உளி. முகப்பும், வளவின் கிழக்கு, வடக்குச் சுவர்களும் செங்கல் தெரியும்வரை கொத்தப்பட்டன. மற்ற இரண்டு சுவர்களுக்கு நாள் போதவில்லை. அவை தப்பின.

கொத்திய இடத்தில் அடிப்பூச்சாக சிமென்ட் 1, மணல் 5 கலவை, 15 மி.மீ. கனம், ஈரம் ஏறாமல் தடுக்கும் ரசாயனத்தோடு. முகப்பில் அதன்மேல் சுவரை நிரவும் வெள்ளைப் புட்டி இரண்டு கை (இரண்டு தடவை), பிறகு மெழுகு போட்டு எந்திர மெருகு. வளவில் மட்டும் "அசல் முட்டைப் பூச்சு" என்று சுண்ணாம்புப் பூச்சு, மூன்று மி.மீ. கனத்தில், ஒரே கையாக. கல்யாணத்தன்று நன்றாகவே இருந்தது.

கார்த்திகையில் மூன்று வித உடைசல் தெரிந்தது. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மொத்தமாக "பூச்சு சரியில்லை" என்று சொன்னால் அடுத்த வேலையும் அதே வழியில்தான் போகும்.

முதலாவது, ஓதக் கோடு. முன்பு மூன்றடியில் நின்றது இப்போது நாலரை அடிக்கு ஏறியிருந்தது. சிமென்ட் ஈரத்தைத் தடுக்கவில்லை. ஈரம் வெளியேறும் வாசலை அடைத்தது. தரையிலிருந்து செங்கல் உறிஞ்சும் நீர் எங்காவது ஆவியாகியே தீரும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இடம் கொடுக்கும். சிமென்டும் மெழுகும் கொடுக்காது. நீர் திறந்த இடம் தேடி மேலே ஏறுகிறது. கூடவே வந்த உப்பு, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் படிகமாகிப் பருக்கிறது. மேல்தோல் வடை அளவுக்கு உப்பி, கை பட்டதும் தகடாகக் கழன்றது. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பஞ்சு போல வெள்ளை உப்பு. அதைவிட மோசம், கதவு நிலையின் அடி. அந்தத் தேக்கு நூறு ஆண்டாகக் காய்ந்தே இருந்தது. இப்போது சிமென்ட் அணைப்பில் ஈரம் பிடித்துக் கறுத்திருந்தது.

இரண்டாவது, வளவுப் பூச்சில் சிறு சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் மிளகைவிடச் சிறிய ஒரு வெள்ளைப் புள்ளி. இது அளவுக்கு மீறி வெந்து, தாளிப்பு (தண்ணீர் விட்டு நீற்றுவது) முடியாத சுண்ணாம்புக் கட்டி. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் பொங்கி நீறுகிறது அல்லவா, அதில் கெட்டியான துணுக்குகள் உடனே நீறுவதில்லை. சுவரில் ஏறிய பிறகு மெல்ல ஈரம் குடித்து, பருத்து, முன்னால் இருக்கும் பூச்சைத் தள்ளிவிட்டு வெடிக்கின்றன. தாளித்து நாலே நாளில் அந்தச் சுண்ணாம்பைப் பூசியிருந்தார்கள்.

மூன்றாவது, சிலந்தி வலை போல விரிசல். சுண்ணாம்பு மிகுந்த கலவையைக் கனமாகப் பூசி, சித்திரைக் காற்றில் காயவிட்டால் இது தவிர வேறு எதுவும் நடக்காது. சுண்ணாம்பு காய்ந்து இறுகுவது இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈரத்தின் வழியாக வாங்கி மறுபடி கல்லாகிறது. ஈரம் ஒரே நாளில் பறந்துவிட்டால் கல்லாவது நின்றுபோகும், சுருக்கம் மட்டும் மிஞ்சும்.

நாள் போதாமல் விட்ட தெற்கு, மேற்குச் சுவர்களில் இந்த மூன்றில் ஒன்றுகூடப் புதிதாக இல்லை. பழுப்பாக, மயிரிழையோடு, முன்பு போலவே நின்றன.

அந்த மேற்குச் சுவர்தான் இந்த ஆய்வின் நல்ல சாட்சி. ஆறடி மட்டப்பலகையை அதன்மேல் சாத்தினால் நடுவில் 8 மி.மீ. வரை இடைவெளி. ஓரமாக விளக்கைப் பிடித்தால் மெல்லிய அலைகள் தெரிகின்றன. ஆனால் நேரே நின்றால் தூணின் நிழலும் ஆளின் உருவமும் சுவருக்குள் தெரிகின்றன. அதாவது அந்தக் காலத்துக் கொத்தனார் சுவரைச் சமதளமாக்கவே இல்லை, வழவழப்பாக்கினார். இரண்டும் வேறு. இன்றைக்கு ரசமட்டம் வைத்து மேடு பள்ளம் நிரவுவதிலேயே கலவையும் கூலியும் போகிறது. அந்தக் கனமே பிறகு விரிசலாகிறது.

அந்தச் சுவரில் உடைந்திருந்த ஓரிடத்தில் அடுக்குகளை எண்ண முடிந்தது. கீழிருந்து மேலாக ஏறத்தாழ 12, 6, 2, 1 மி.மீ. மொத்தம் 21. கடைசி 1 மி.மீ. மட்டுமே முட்டை சேர்ந்த வெண்பூச்சு. நூறு சதுர அடிக்கு அந்தக் கடைசிப் பூச்சுக்கு 9 லிட்டருக்குச் சற்று மேல் விழுது போதும். அடிப்பூச்சுக்கோ 111 லிட்டர், நாலு கன அடி. வண்டி வண்டியாக முட்டை வந்து இறங்கியது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம். முட்டையின் வெண்கரு மேல்தோலை நெருக்கமாக்கி மெருகுக்கு வழிவிடுகிறது. சுவரைத் தாங்குவது அது அல்ல.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இதே வீட்டில் இரண்டாம் கட்டில் மெருகு குறைகிறது. அடுப்படிக் கட்டில் மெருகே இல்லை. மூன்றாம் அடுக்கோடு நிறுத்தி வெள்ளையடித்திருக்கிறார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் இறக்கியவர்களுக்கு நாலு கட்டுக்கும் மெருகிட வசதி இல்லாமல் இல்லை. விருந்தாளி அமரும் இடம், சாமான் கழுவும் இடம் என்று பார்த்து, எங்கே கண் நிற்கிறதோ அங்கே மட்டும் கையைச் செலவழித்திருக்கிறார்கள். புகையும் தண்ணீரும் புழங்கும் இடத்தில் ஆண்டுதோறும் அடிக்கும் வெள்ளையே சரியான பூச்சு.

இரண்டாவது வேலை தொடங்கியபோது முதல் இரண்டு மாதம் கரணையே எடுக்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடினார்கள். நான்கு இடம் அகப்பட்டது. முற்றத்து மழைநீர் போகும் மடை இலைதழையால் அடைத்து, நீர் ஒருநாள் முழுக்க வளவோரம் நின்றது. தெருவில் சாலை மேல் சாலையாகப் போட்டுப் போட்டு, முகப்புக்கு வெளியே மண்மட்டம் ஏறிவிட்டது. இரண்டாம் கட்டில் பிறகு சேர்த்த குளியலறையின் குழாய் வடக்குச் சுவரின் முதுகில் கசிந்தது. ஓட்டுக் கூரையின் இரண்டு சரிவு சேரும் மூலையில் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. இவற்றைச் சரிசெய்ய ஆன செலவு மெருகுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிதான். ஆனால் படம் எடுத்துக் காட்ட இதில் ஒன்றுமில்லை என்பதால் யாரும் இதில் தொடங்குவதில்லை.

பிறகு சிமென்ட் முழுவதும் எடுக்கப்பட்டது. கனமான சுத்தியல் கூடாது. பழைய செங்கல்லின் முகம் சிமென்டோடு பிய்ந்து வரும். சிறு உளியைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து நெம்ப வேண்டும். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் வரை சுரண்டிவிட்டுச் சுவரை அப்படியே திறந்து போட்டார்கள்.

எத்தனை நாள் என்பதில்தான் எல்லாச் சண்டையும். பழைய கட்டடம் பார்ப்பவர்களின் கைக்கணக்கு, நனைந்த சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம். 18 அங்குலத்துக்கு ஒன்றரை ஆண்டு. இருபுறமும் திறந்து காற்று ஓடவிட்டால் காலம் குறையும். வீட்டு ஆச்சிக்கு இது பிடிக்கவில்லை. "செங்கலும் மண்ணுமா வீடு நிக்கிது, வர்றவுக என்ன நெனப்பாக?" மேஸ்திரியிடம் பதில் தயாராக இருந்தது: "ஆச்சி, இப்பப் பூசச் சொன்னாப் பூசிடுறேன். அடுத்த வருஷம் மறுபடி நாந்தான் வந்து கொத்தணும்." காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. இரண்டடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி ஓரிரவு விட வேண்டும். காலையில் உட்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் பூச்சுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அடுத்த மழைக்காலமும் போய், தை பிறந்த பிறகுதான் தாள் உலர்ந்து வந்தது.

இதற்கிடையில் உப்பு. பூத்த உப்பைத் தண்ணீரால் கழுவுவது பெரிய தவறு. கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தட்டி, முறத்தில் ஏந்தி, வீட்டுக்கு வெளியே கொட்ட வேண்டும். வாரம் ஒருமுறை. அதிகம் பூத்த இடங்களில் மணல் கூடிய சுண்ணாம்புக் கலவையை மெல்லப் பூசி விட்டார்கள். இது எடுத்து எறிவதற்கென்றே பூசுவது: சுவரின் உப்பு இதற்குள் வந்து சேரும், சில மாதத்தில் பொரியும், உரித்துவிட்டு மறுபடி பூசலாம்.

சுண்ணாம்பு முன்னமே தாளிக்கப்பட்டது. தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் சுட்ட சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் தெறிக்கும், கண் போகும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடக்கூடாது. கொதி அடங்கியதும் மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி மூடி வைப்பது. அடிப்பூச்சுக்கு மூன்று வாரம் ஊறினால் போதும். மேல்பூச்சுக்கு மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. சுவர் காயக் காத்திருக்கும் காலத்திலேயே இது ஊறிவிடும். தனியாக நாள் செலவில்லை.

மணலுக்குப் பாட்டில் சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர், குலுக்கி ஓரிரவு வைத்தால் மேலே படியும் சேறு மணலில் நூற்றில் எட்டுப் பங்கைத் தாண்டக் கூடாது. வந்த எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) இதில் தோற்றது. கழுவிச் சலித்துப் பயன்பட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் அடி அடுக்குகளுக்கு மட்டும். அளவு கைக்குக் கை மாறும், ஆனால் இரண்டு எல்லை உண்டு: வெல்லம் கூடினால் பூச்சு இறுக நாளாகும், எறும்பு வரும், கடுக்காய்ச் சாறு மேல் வெண்பூச்சில் போனால் வெள்ளை மங்கும்.

பூசிய முறை இது. சுவரை முதல் நாள் மாலையும் அன்று காலையும் நனைத்து, நீர் பளபளப்பு அடங்கியதும் முதல் அடுக்கு: சுண்ணாம்பு 1, மணல் 2½, கனம் 12 மி.மீ.; கரணையால் அறைந்து ஏற்றி, மணியாசுக் கட்டையால் (தேய்ப்புக் கட்டை) அழுத்தி, பிறகு ஆணிப் பலகையால் கீறிவிடுவது. மூன்று வாரம் ஈரச் சாக்கு. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: சாக்கைக் கட்டிவிட்டு நனைக்க ஆள் வைப்பதில்லை. இரண்டாம் அடுக்கு 1:2, சலித்த மணல், 6 மி.மீ., இரண்டு வாரம். மூன்றாம் அடுக்கில் விகிதம் திரும்புகிறது: சுண்ணாம்பு 3, மிக மெல்லிய வெண்மணல் 1, அரைத்த கலவை, 2 மி.மீ. இங்கே விரிசல் வந்தால் மேலே போகாமல் நிறுத்தி, ஈரம் காட்டிக் கட்டையால் மறுபடி அழுத்த வேண்டும். மேல்பூச்சு மூடிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 1 மி.மீ. எதையும் மூடாது, கீழே இருப்பதை அப்படியே காட்டும்.

கடைசி அடுக்கு: மூன்று மாதம் ஊறிய சுண்ணாம்பு வெண்ணெய், சலவைக்கல் தூள், வெண்கரு. அம்மியில் விரலுக்குத் துணுக்கு தட்டாத பதம் வரை அரைப்பது. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தக் கலவை வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு நாளடைவில் மஞ்சளடிக்கும். அரைநாள் வேலைக்கு மட்டும் கலக்க வேண்டும், மிச்சம் நாறும். தாள் கனத்தில் மூன்று கை. கட்டைவிரலை அழுத்தினால் தடம் விழுந்து, விரலில் ஒட்டாத பதத்தில் தேய்ப்பு தொடங்குகிறது: முதலில் கரணையின் முதுகு, பிறகு வழவழத்த கூழாங்கல். சீக்கிரம் தொடங்கினால் பூச்சு இழுபடும். தாமதித்தால் கறுப்புக் கோடு விழும், அதை எடுக்கவே முடியாது. மெருகேறிய பிறகும் சில நாள் சுவர் வேர்க்கும். அந்த நீரை மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், விட்டால் தடம் தடமாகப் படியும்.

ஒரு பகலில் இரண்டு பேர் முடித்தது ஏறத்தாழ ஒரு கதவகலம். அதனால் ஒட்டு எங்கே விழும் என்பதை முன்னமே தீர்மானிக்க வேண்டும்: தூணோரம், மூலை, நிலையோரம். சுவர் நடுவில் விட்ட ஒட்டு எந்தக் கல்லாலும் மறையாது. ஆத்தங்குடிக் கல்லோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அந்தக் கல்லின் பளபளப்பு கண்ணாடித் தகட்டிலிருந்து வருகிறது; வண்ணக் கலவையைக் கண்ணாடிமேல் ஊற்றி, முதுகில் சிமென்ட் கொடுத்து, தண்ணீரில் ஊறவிட்டால் முகம் தானே வழவழப்பாகிறது. கண்ணாடி செய்யும் வேலையைச் சுவரில் கை செய்ய வேண்டும்.

தப்பிய இரண்டு சுவர்களுக்கு வருவோம். பங்காளிகளில் ஒருவர் அவற்றையும் கொத்தி நான்கும் ஒரே வெள்ளையாக வேண்டும் என்றார். விரல் முட்டியால் சுவரெங்கும் தட்டி, கடகடவென்று பொள்ளலாகக் கேட்ட இடங்களைச் சாக்பீசால் வட்டமிட்டுக் காட்டினார்கள். இரண்டு சுவரிலும் சேர்த்து ஏழு வட்டம், பெரியது ஒரு முறம் அளவு. மீதியெல்லாம் கல் போலக் கெட்டிச் சத்தம். ஏழை மட்டும் வெட்டி எடுத்தார்கள், ஓரத்தைச் செங்குத்தாக. ஓரத்தைச் சரித்து மெலியவிட்டால் புதுப் பூச்சு அங்கே ஒன்றுமில்லாமல் தேய்ந்து முதலில் உரியும். மயிரிழை விரிசல்களைத் தொடவில்லை. ஒட்டுப்போட்ட ஏழு இடமும் தெரிகின்றன, புதுச் சுண்ணாம்பின் நீலவெள்ளை பழைய தந்த நிறத்தோடு சேராது. நிறம் கூட்டி மறைக்கலாம் என்ற யோசனை கைவிடப்பட்டது. பழையது தொடர்ந்து நிறம் மாறும், கூட்டிய நிறம் அப்படியே நிற்கும், பத்தாண்டில் இன்னும் துருத்தித் தெரியும்.

முகப்பும் வளவும் மெருகோடு முடிந்தன. இரண்டாம் கட்டின் கசிந்த சுவரில் மூன்றாம் அடுக்கோடு நிறுத்தி வெள்ளையடித்தார்கள். பராமரிப்புக்கு விட்டுப்போன குறிப்பு சின்னது: உலர்ந்த துணி மட்டும், ஈரத் துடைப்பு வேண்டாம், பிளாஸ்டிக் பெயின்டும் வார்னிஷும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், கல்யாணத்துக்கு வரும் அலங்காரக்காரர் டேப் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளவும், பிய்க்கும்போது மெருகோடு வரும், புரட்டாசி முடிவதற்குள் முற்றத்து மடையைத் தூர் வாரவும்.

வடக்குச் சுவரின் கீழ் மூலையில் ஒரு சதுர கஜம் இன்னும் உப்புப் பூக்கிறது. அங்கே மெருகு இல்லை. எடுத்து எறியும் பூச்சுதான் இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை உரித்துப் பூசுகிறார்கள். விசேஷ நாட்களில் அதன்முன் ஒரு குத்துவிளக்கை நகர்த்தி வைத்துவிடுகிறார் ஆச்சி.